கண்டம்வாங்கி

தூத்துக்குடியில் கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு தள்ளி, காற்றடித்தால் ஜன்னல் கம்பியிலும் உப்பு, கொடியில் காயும் சட்டையிலும் உப்பு, வாயைத் திறந்து ஒரு கொட்டாவி விட்டால் நாக்கிலும் உப்பு என்று இருக்கிற பவளம் பிளாட்ஸில், இரண்டாம் மாடியில் பிரகாசி வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்குள், சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு மீன் அடிக்கடி செத்துப்போய், மறுநாள் காலையில் தன் பொந்துக்குள்ளிருந்து உயிரோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கட்டடத்தில் யாருக்கும் இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. ஆச்சரியப்பட்டிருந்தால்கூடப் பிரகாசிக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. ஆச்சரியப்படுகிற மனிதர் நாலடி தள்ளி நிற்பார், இவர்களோ செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

அது கடைக்குப் போய்க் கேட்டு வாங்கிய மீன் இல்லை. பிரகாசியின் வீட்டுக்காரர் சூசை விசைப்படகு டிரைவர். ஒருநாள் வலையோடு ஏறிவந்த குப்பையில், தேங்காய் அளவுக்குப் பாசி பிடித்த ஒரு கல், நடுவில் பெருவிரல் நுழைகிற பொந்தோடு கிடந்ததைப் பார்த்து, பூந்தொட்டியில் வைத்தால் நன்றாயிருக்குமே என்று கடல்தண்ணீர் வாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். கழுவலாம் என்று பிரகாசி கையை விட்டபோது பொந்துக்குள்ளிருந்து ஒரு முகம் அவளைப் பார்த்தது, பார்த்த வேகத்திலேயே உள்ளே போய்விட்டது. கடல்காரர் வீட்டில் பிறந்து கடல்காரருக்கே வாழ்க்கைப்பட்டவள் அவள். அவள் ஆய்ந்த மீனுக்குக் கணக்கு கிடையாது. ஆனால் அவளைக் கண்டு வெட்கப்பட்ட மீன் அவளுடைய நாற்பத்தைந்து வயசில் அது ஒன்றுதான். வாளியை அப்படியே மூலையில் வைத்துவிட்டு, அன்று சாயந்தரமே போய்க் கண்ணாடித் தொட்டியும் காற்று மோட்டாரும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

கடல்மீனை வீட்டில் வளர்ப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. கரைத் தண்ணீர் ஆகாது என்று சூசை ஆழத்திலிருந்து கேனில் மொண்டுவந்து கொடுத்தார். வெயிலில் தொட்டித் தண்ணீர் குறைகிறதே என்று ஆரம்பத்தில் அவள் மேலும் மேலும் கடல்தண்ணீரையே ஊற்றப்போக, ஆவியாகிப் போனது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே கெட்டிப்பட்டுக் கிடந்தது. மீன் இரண்டு நாள் முகத்தைக் காட்டவில்லை. அப்புறம்தான் குறைகிற அளவுக்குக் குடிக்கிற நல்ல தண்ணீர் ஊற்றப் பழகினாள். இறாலைப் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டாள். அதை நேராகப் பார்த்தால் உள்ளே ஓடிவிடும் என்பதால், தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கீரை ஆய்கிற எவர்சில்வர் தாம்பாளத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, அதில் தெரிகிற நிழலில் பார்ப்பாள். தலைப் பக்கம் கத்தரிப்பூ நிறம், வாலுக்கு வரவர மஞ்சள். மெல்ல வெளியே வந்து, ஒரு துணுக்கு இறாலைக் கவ்விக்கொண்டு, யாராவது பார்த்துவிட்டார்களோ என்பது போலத் திரும்பி ஓடும். சிணுங்கி என்று அதற்குப் பேர் வைத்தாள். ஆளில்லாத மத்தியானங்களில் அவளும் அதுவும் ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காமல் ரொம்பச் சந்தோஷமாக இருந்தார்கள்.

அந்தச் சந்தோஷத்தின் மேல்தான் தாணுமாலயன் விழுந்தார். அவர் பவளம் பிளாட்ஸ் சங்கத்துச் செயலாளர். ஓய்வு பெற்ற பிறகு பொழுது போகாமல் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை அடிக்கொருதரம் திறந்து பார்த்துத் திருப்திப்படுகிறவர். அன்றும் ஏணி வைத்து ஏறினார், ஏணி வழுக்கியது, கைப்பிடிச் சுவரைத் தாண்டி அத்தனை மாடியும் இறங்கிக் கீழே சிமெண்டுத் தரையில் போய் விழுந்தார். விழுந்தவர் எழுந்தார், வேட்டியை உதறிக் கட்டினார், ஏணியை யார் ஆட்டியது என்று மேலே பார்த்துச் சத்தம் போட்டார். அதே நேரத்தில் இரண்டாம் மாடியில் சிணுங்கி, யாரும் கூப்பிடாமல் பொந்தை விட்டு வெளியே வந்து, நடுத்தொட்டியில் நின்று, ஒருமுறை துடித்து, பக்கவாட்டில் சாய்ந்து செத்துப்போனது.

இந்த ஊரில் வீட்டு மீன் செத்தால் யாரும் துக்கம் விசாரிக்க மாட்டார்கள். வீட்டுக்கு வரவிருந்த கண்டத்தை மீன் வாங்கிக்கொண்டது என்பார்கள்; சொல்லிவிட்டு இன்னொரு மீன் வாங்கிவந்து விடுவார்கள். கண்ணாடித் தொட்டி வைத்திருக்கிறவர்களில் பாதிப் பேர் அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். நமக்கு ஒரு கெட்டது வந்தால் நடுவில் நின்று வாங்கிக்கொள்ள வாயில்லாத ஒன்று வீட்டில் இருக்கட்டும் என்கிற அந்த ஏற்பாட்டை, ஆணியடித்து மாட்டிய காலண்டரைப் போல, யாரும் நின்று யோசித்துப் பார்த்ததே இல்லை. எதிர்வீட்டுச் சண்முகக்கனியும் யோசிக்கவில்லை. செத்த மீனைக் காகிதத்தில் பொதிந்துகொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த பிரகாசியிடம் வந்து, "எக்கா, எதுக்கு அழுதிய? தாணுமாலயன் அண்ணாச்சிக்கு வந்தத இது வாங்கிக்கிட்டு. எவ்வளவு பெரிய காரியம்!" என்றாள்.

மறுநாள் காலையில் மண்ணைத் தோண்டிப் புதைக்கலாம் என்று எடுத்துப் பார்த்தால் பொதி அப்படியே இருந்தது, உள்ளே மீனைக் காணோம். தொட்டியில் பொந்துக்குள்ளிருந்து அதே முகம் எட்டிப் பார்த்தது. பிரகாசி மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் விழுந்து அழுதாள். சண்முகக்கனி குனிந்து பார்த்தாள். "நல்லதாப் போச்சு. புதுசு வாங்குற அலைச்சல் மிச்சம்" என்று சொல்லிவிட்டு இட்லிக்கு மாவு எடுக்கப் போனாள்.

அவ்வளவுதான். அன்று மத்தியானத்துக்குள் சிணுங்கிக்குக் கண்டம்வாங்கி என்று பேராகிவிட்டது. எப்படிக் கேட்க வேண்டும், எப்படி நிற்க வேண்டும் என்கிற முறையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்து சேர்ந்தது: தொட்டிக்கு முன்னால் நிற்க வேண்டும், மீனைக் கண்ணால் பார்க்க வேண்டும், தன் பேரைச் சொல்லி, எனக்கு வாரத நீ வாங்கிக்கோ என்று சொல்ல வேண்டும். அது வாங்கிக்கொள்ளும். பொந்தை விட்டு வெளியே வந்து, நடுத்தொட்டியில் நின்று, செத்துப்போகும். கேட்டவர் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார். கர்ப்பப்பை ஆபரேஷன் என்று வந்தார்கள், நுரையீரலில் நீர் என்று வந்தார்கள், சரி, பெரிய பயம், யாருக்கும் வரும் என்று பிரகாசியும் பல்லைக் கடித்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டாள். அப்புறம் நாய்க்கடி என்று வந்தார்கள். கடைவாய்ப்பல் பிடுங்க வேண்டும் என்று வந்தார்கள். ஸ்கூட்டர் சறுக்கும் என்று ஜோசியர் சொன்னார் என்று வந்தார்கள். முதல் மாடியில் ஒரு அம்மாள் மருமகன் ஒரு வாரம் தங்க வருகிறான், வாக்குவாதம் முற்றாமல் இருக்க வேண்டும் என்று வந்து நின்றாள். அதற்கும் அந்த மீன் செத்தது.

வருகிறவர்கள் வெறுங்கையோடு வரவில்லை என்பது இன்னொரு கொடுமை. ஆளுக்குக் கைப்பிடி இறாலைக் கொண்டுவந்து தொட்டியில் கொட்டினார்கள். ஒரு சுண்டுவிரல் மீன் எவ்வளவு தின்னும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, தண்ணீர் கலங்கி நாற்றமெடுத்தது, சூசை இரண்டு நாளைக்கு ஒருமுறை கேன் சுமந்தார். கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள், மோட்டார் ஒயரில் ஜெபமாலை சுற்றினார்கள், மூடியின் நாலு மூலையிலும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். இவ்வளவு செய்தவர்களில் ஒருத்தர்கூட, அது சாகும்போது நின்று பார்த்ததில்லை. பேரைச் சொன்னதும் திரும்பிவிடுவார்கள். பார்த்தவள் பிரகாசி ஒருத்திதான். பல்வலிக்காகச் செத்தபோது வாயை மூட முடியாமல் செத்தது. நுரையீரலுக்காகச் செத்தபோது தண்ணீருக்குள்ளேயே மூச்சுக்குத் தவித்துச் செத்தது. மறுநாள் திரும்பி வரும்போது முந்தினநாள் இருந்ததைவிடக் கொஞ்சம் சின்னதாக, கொஞ்சம் வெளிறி வந்தது. கத்தரிப்பூ நிறம் துவைத்துத் துவைத்து வெளுத்த பள்ளிக்கூடச் சட்டை மாதிரி ஆனது.

ஒருநாள் சண்முகக்கனி கேட்டேவிட்டாள். பிரகாசி அடுக்களையில் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள், செதில் முழங்கை வரைக்கும் ஒட்டியிருந்தது.

"எக்கா, கோவப்படாதிய. இங்கன உக்காந்து ஒரு சட்டி மீன அறுக்கிய. அங்கன ஒரு மீனு செத்தா மூக்கச் சிந்துதிய. அதுவும் மறுநாள் பொழைச்சுக்கிடுது. எனக்கு வெளங்கல."

"இத நான் திங்கப் போறேன், கனி" என்றாள் பிரகாசி. "பசிக்கி, திங்கேன். இதுட்ட போய், மாடி வீட்டுக்காரன் பல்வலியையும் சேத்துத் தூக்கிட்டுப் போன்னு நான் சொல்லல. கொல்லுறது வேற. எனக்குப் பதிலா நீ சாவுன்னு சொல்லுறது வேற."

"ரெண்டுலயும் மீனு சாவுதுல்லா?"

"சாவுது. ஒண்ணுல எனக்கு வெக்கம் இல்ல. இன்னொண்ணுல உங்க யாருக்கும் இல்ல."

சண்முகக்கனிக்கு அது புரிந்ததோ இல்லையோ, சாளை நாலு வாங்கிக்கொண்டு போனாள்.

பிரகாசி கதவைப் பூட்டிப் பார்த்தாள். நடைபாதை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துப் பேரைச் சொன்னார்கள். ஜன்னலுக்குத் திரை போட்டாள். தொட்டித் தண்ணீரெல்லாம் பொதுப் படிக்கட்டு வழியாகத்தானே ஏறியது, அப்புறம் அது எப்படித் தனிச்சொத்து ஆகும் என்று சங்கக் கூட்டத்தில் பேசினார்கள், கைதட்டினார்கள். கடலிலேயே விட்டுவிடலாம் என்றால், சூசை தலையைச் சொறிந்துகொண்டு, "எந்த இடத்துல வலையில ஏறுச்சுன்னு எனக்கே தெரியாதே, பிரகாசி. இம்புட்டுக்காணு சைஸ்ல விட்டா அடுத்த நிமிஷம் ஒரு வாய்க்குள்ள போயிரும்" என்றார். அது உண்மைதான். சூசை நல்ல மனுஷர். இத்தனை மாதத்தில் ஒருநாள்கூடத் தனக்கென்று அந்தத் தொட்டி முன் நின்றதில்லை. ஆனால் யார் வந்து கதவைத் தட்டினாலும் எழுந்து போய்த் திறந்துவிடுகிறவரும் அவர்தான். "எல்லாரும் வேண்டியவங்க" என்பார். வேண்டியவர்களுக்கு எதையும் மறுத்துப் பழக்கமில்லாத மனுஷர்.

இதில் அந்த ஜனங்களுக்கு ஒரே ஒரு குறை இருந்தது. மீன் வெளியே வர மாட்டேன் என்கிறது. சுபாவமே கூச்சம், ஒளிய இடம் பக்கத்தில் இருக்கிற தைரியத்தில்தான் அந்த இனம் வெளியே தலைகாட்டும். பார்த்தால்தான் பலிக்கும் என்பதால், வந்தவர்கள் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. ஆபீசுக்கு நேரமாகிறது என்று கண்ணாடியைத் தட்டினார்கள். டார்ச் அடித்தார்கள். அப்படியும் சரிப்படாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரகாசி மாதா கோயில் பூசைக்குப் போயிருந்த நேரத்தில், அவள் நம்பிச் சண்முகக்கனியிடம் கொடுத்துவிட்டுப் போன சாவியை வாங்கித் திறந்து, சங்கத்தார் நாலு பேர் உள்ளே போய், தொட்டிக்குள் கையை விட்டு அந்தக் கல்லை எடுத்து வெளியே வைத்துவிட்டார்கள். அவள் கோயிலிலிருந்து வந்து பார்த்தபோது, வெறும் தொட்டியில், நாலு பக்கமும் கண்ணாடியாய், அந்த மீன் காற்றுக்குழாயின் நிழலில் தன்னை ஒட்டிவைத்துக்கொண்டு நின்றது. குழாய் அதைவிட ஒல்லி. எப்படி ஒட்டினாலும் முக்கால் உடம்பு வெளியே தெரிந்தது.

பிரகாசி முக்காட்டைக்கூட எடுக்காமல் படிக்கட்டில் போய் நின்றாள். அன்று அவள் போட்ட சத்தத்தில் மூன்று மாடியிலும் குக்கர் விசில் யாருக்கும் கேட்கவில்லை.

"ஒளியுறதுக்கு ஒரு ஓட்டை. அது கேட்டது அவ்வளவுதான். சோறு கேட்டுதா, துணி கேட்டுதா? உங்க ஊளமூக்குக்கும் ஓட்ட ஸ்கூட்டருக்கும் செத்துச் செத்து வருது, அதுக்கு ஒரு ஓட்டை பொறுக்கலயா உங்களுக்கு? எந்தக் கை எடுத்துச்சு அந்தக் கல்ல?"

தாணுமாலயன் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு இறங்கி வந்தார். அவருக்குச் சமாதானம் பேச வரும் என்று அவரே நம்பியிருந்தார்.

"தங்கச்சி, நீ படிச்ச வேதத்தையே எடுத்துக்கோயேன். உங்க ஆண்டவரும் எல்லாருக்காவயுந்தான் செத்தாரு. மூணாம் நாள் எந்திரிச்சாரு. இது மறுநாளே எந்திரிக்கி. இதுல என்னம்மா தப்பு?"

"அவரு வாரேன்னு சொல்லிட்டு வந்தாரு அண்ணாச்சி" என்றாள் பிரகாசி. "இத நாங்க கல்லோட தூக்கிட்டு வந்தோம். அவரையும் ஒருத்தன் முப்பது வெள்ளிக்காசுக்குக் காட்டிக்குடுத்தான். அவன் பேரு உங்களுக்குத் தெரியும்லா? அந்தப் பேர எந்த அப்பனாவது பிள்ளைக்கு வச்சிருக்கானா?"

தாணுமாலயன் துண்டை மறுபடியும் சரிசெய்துகொண்டு மேலே ஏறிப் போனார். அவள் உள்ளே போய்க் கல்லைத் தூக்கி மறுபடியும் தொட்டிக்குள் வைத்தாள். மீன் உள்ளே போய், ஒரு வாரம் வெளியே வரவில்லை. அந்த ஒரு வாரமும் பவளம் பிளாட்ஸில் எல்லாரும் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஜாக்கிரதையாக இறங்கினார்கள்.

இதற்கிடையில் தாணுமாலயனுக்கே நெஞ்சுவலி வந்தது. மூன்று இடத்தில் அடைப்பு, திறந்துதான் செய்ய வேண்டும் என்றார்கள். இந்த முறை அவர் துண்டைச் சரிசெய்யவில்லை. பிரகாசி வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, பெரிய மனுஷர், குழந்தை போல உதட்டைப் பிதுக்கினார்.

"பயப்பட ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லுதாரு. அவருக்கென்ன, நெஞ்சு என்னோடதுல்லா. ரெண்டு பொம்பளப் பிள்ளைய இன்னும் கட்டிக்குடுக்கல தங்கச்சி. இது ஒண்ணு மட்டும். இதுக்கப்புறம் நானே சங்கத்துல சொல்லி, ஒருத்தரும் வரக்கூடாதுன்னு போர்டு வச்சிருதேன்."

பிரகாசிக்கு அவர் மேல் பரிதாபமாகத்தான் இருந்தது. அதுதான் அவளை மேலும் எரிச்சல்படுத்தியது. "அண்ணாச்சி, அதப் பாருங்க" என்றாள். மீன் அப்போது ஒரு தீக்குச்சி அளவுக்கு இருந்தது. பின்னால் இருந்த கல் அதன் உடம்பு வழியாகத் தெரிந்தது. "இன்னொரு தடவ போச்சுன்னா திரும்பி வராது. நான் சொல்லுதேன். அது கிட்ட இனிமே செத்துட்டு வாரதுக்கு உடம்பு இல்ல."

"எனக்கு மட்டும் இருக்கா?" என்றார் தாணுமாலயன். அவர் குரலில் பொய் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின சாயந்தரம் அவர் வந்தார். கட்டடமே அவர் பின்னால் வந்தது, வாசலை மறித்து நின்ற பிரகாசியை இரண்டு பெண்கள் தோளைப் பிடித்து, "விடுக்கா, ஒரு உசிருக்கா" என்று ஓரமாக நகர்த்தினார்கள். ஒரு உயிர் என்று அவர்கள் எண்ணியதில் மீன் சேரவில்லை. தாணுமாலயன் தொட்டிக்கு முன்னால் போய்க் கையைக் கூப்பினார். கூட்டத்தின் சத்தத்துக்குப் பொந்தின் விளிம்பில் அந்த வெளிறிய முகம் ஒரு கணம் தெரிந்தது. அவர் பார்த்துவிட்டார். பேரைச் சொன்னார். "எனக்கு வாரத..." என்று ஆரம்பித்தார்.

மீன் வெளியே வந்தது. எப்போதும் போலக் கூசிக்கொண்டு, எப்போதும் போல மறுக்காமல் வந்தது. அந்த மறுக்காமல் வந்ததைத்தான் பிரகாசியால் தாங்க முடியவில்லை. பிடித்திருந்த கைகளை உதறிவிட்டுப் போய், தொட்டிக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு, அதைத் தண்ணீரோடு சேர்த்து உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, "பிரகாசி சொல்லுதேன். உனக்கு வாரத நான் வாங்கிக்கிடுதேன்" என்றாள். சொல்லிவிட்டுக் கையை எடுத்தாள், மொசைக் தரையில் சரிந்து உட்கார்ந்தாள், செத்துப்போனாள்.

ஊருக்குள் பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டு வந்தவன்கூட செத்துப் பிழைத்தேன் என்று சொல்லிக்கொள்கிறான். பிரகாசி உண்மையாகவே செத்தாள், அது லேசாக இல்லை. அந்த மீனுக்கு வருவதை வாங்கிக்கொள்கிறேன் என்று அவள் சொன்னதால், அதற்கு அதுவரை வந்த அத்தனையும் சேர்ந்து வந்தது. நுரையீரல் சாவு வந்தது, நாய்க்கடிச் சாவு வந்தது, கடைவாய்ப்பல் சாவு வந்தது, சறுக்காத ஸ்கூட்டருக்காகச் செத்த சாவு வந்தது, முதல் மாடி மருமகன் ஒரு வாரம் தங்கிவிட்டுப் போன சாவும் தன் முறைக்கு வந்தது. பெரிய சாவுகளைக்கூட அவளால் பொறுக்க முடிந்தது. அற்பக் காரியத்துக்குச் செத்த சாவுகள்தான் அதிகம் வலித்தன.

சாவு வீட்டுக்கு என்ன செய்ய வேண்டுமோ அதைப் பவளம் பிளாட்ஸ் குறையில்லாமல் செய்தது. துறைமுகத்திலிருந்து சூசையைக் கூட்டிவந்தார்கள். அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கோயிலில் துக்கமணி அடித்தது. ஐஸ் பெட்டி வந்தது, பெட்டிக்குக் கரண்ட் வேண்டும் என்று ஒரு பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதைச் செருகினார்கள். சண்முகக்கனி சொந்த அக்காளைப் பறிகொடுத்தவளாய் மாரில் அடித்துக்கொண்டாள். விடிந்ததும் தாணுமாலயன் ஆஸ்பத்திரிக் காரில் ஏறும் முன்னால் வந்து, ஒரு மாலையைப் பெட்டி மேல் வைத்து, உள்ளபடியே விம்மி அழுதார். காருக்கு நேரமாகிவிட்டது என்றதும் போய்விட்டார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் பிரகாசி பெட்டியின் மூடியை உள்ளிருந்து தட்டினாள். திறந்துவிட்டார்கள். எழுந்து உட்கார்ந்தவள் ஒருத்தரையும் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள். "மோட்டார் பிளக்க எவன் பிடுங்குனது?" என்றாள். இறங்கிப் போய் ஐஸ் பெட்டி ஒயரை உருவி எறிந்துவிட்டு மோட்டார் ஒயரைச் செருகினாள். தொட்டியில் குமிழ் கிளம்பியது. தண்ணீரின் மேல்மட்டத்தில் வாய் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்த அந்தத் தீக்குச்சி மீன், கொஞ்ச நேரத்தில் நிதானப்பட்டு, பொந்துக்குள் போனது. அதற்குப் பிறகுதான் பிரகாசி பக்கத்தில் இருந்தவர்களிடம் ஒரு வாய் காப்பி கேட்டாள். மாலை கொண்டுவந்தவர்கள் மாலையை எடுத்துக்கொண்டு போனார்கள். பூக்கடையில் திருப்பி வாங்க மாட்டேன் என்றதால் வீட்டுச் சாமி படங்களுக்குப் போட்டுக்கொண்டார்கள். சூசை அவள் கையைப் பிடித்துக்கொண்டு அன்று முழுவதும் விடவில்லை.

தாணுமாலயனுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவர் வீடு திரும்பியதும், சொன்னபடியே சங்கத்தைக் கூட்டி, இனி ஒருத்தரும் மீன்தொட்டிப் பக்கம் போகக்கூடாது என்று போர்டு எழுதிப் படிக்கட்டில் மாட்டினார். யாரும் மறுத்துப் பேசவில்லை. அது பிரகாசிக்கே ஆச்சரியமாக இருந்தது. ஜனங்களுக்குக் கடைசியில் புத்தி வந்ததே என்று, பல மாதங்களுக்குப் பிறகு, தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். போர்டு தொங்கிய முதல் இரண்டு நாளும் அவளுக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

அடுத்த நாள் காலையில் சூசை பால் வாங்கிவரக் கீழே போயிருந்தார். காலிங்பெல் அடித்தது. பிரகாசி திறந்தாள். சண்முகக்கனி நின்றாள், கையில் தாம்பாளம், வெற்றிலை, பழம், ஒரு ஜாக்கெட் துணி. அவளுக்குப் பின்னால் முதல் மாடி அம்மாள், அவளுக்குப் பின்னால் பல்வலிக்காரர், அவருக்குப் பின்னால் படிக்கட்டு திரும்புகிற இடம் வரைக்கும் ஆட்கள், சத்தமில்லாமல், குளித்து, நல்ல துணி உடுத்தி, ஒருத்தர் பின்னால் ஒருத்தராக நின்றார்கள்.

"போர்டப் பாக்கலயா?" என்றாள் பிரகாசி.

"மீனுட்ட வரலக்கா" என்றாள் சண்முகக்கனி. அவள் குரலில் அன்பு வழிந்தது. "அது பாவம், ரொம்ப மெலிஞ்சிட்டு. அதத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு நாங்களே பேசிக்கிட்டோம். நீங்கதான் மறுநாளே எந்திரிச்சிட்டியள்லா. உங்களுக்கு உடம்பும் இருக்கு. ஒளியவும் மாட்டிய. பெல்லடிச்சா வந்து நிக்கிய." தாம்பாளத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டினாள். "எனக்கு மாசமாசம் வயித்துவலி தாங்க முடியலக்கா."

பிரகாசிக்குக் கத்த வேண்டும் என்று வாய் வரை வந்தது. கத்தவில்லை. வரிசையை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனாள். பெரிய நோய்க்காரர்கள் ஒன்றிரண்டு பேர் இருந்தார்கள். மீதிப் பேர் முகத்தில் நோய் தெரியவில்லை, பயம்தான் தெரிந்தது, அதுவும் கொஞ்சம்தான். கடைசியாக, படிக்கட்டு வளைவில், சுவரோடு ஒட்டி, தலையைக் குனிந்து நின்ற ஆளின் கையில் பால் பாக்கெட் இருந்தது.

"நீங்க எதுக்கு அங்கன நிக்கிறீங்க?" என்றாள்.

சூசை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார். "கடலுக்குப் போறவன்லா, பிரகாசி. காத்து ஒரு மாதிரியா இருக்கு" என்றார். அப்புறம், தான் நியாயமாக நடந்துகொண்டது அவளுக்குத் தெரிய வேண்டும் என்பது போல, "வீட்டாளுன்னு முந்திக்கிட்டு வரக் கூடாதுன்னுதான் கடைசில நிக்கேன்" என்றார்.

கீழே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார்கள்.

"சரி" என்றாள் பிரகாசி. "உங்களுக்கு வாரத நான் வாங்கிக்கிடுதேன்னு வச்சுக்கோங்க. எனக்கு ஒண்ணு வந்தா இதுல யாரு வாங்கிக்கிடுவிய? கையத் தூக்குங்க."

பல்வலிக்காரர் கைப்பிடியில் உதிர்ந்திருந்த பெயிண்டைச் சுரண்டினார். முதல் மாடி அம்மாள் செல்போனை எடுத்து, யாரும் கூப்பிடாத செல்போனை, காதில் வைத்துக்கொண்டாள். சண்முகக்கனிக்கு இரண்டு கையிலும் தாம்பாளம் இருந்தது. அது கனக்கிறது என்பது போல இன்னும் இறுக்கிப் பிடித்தாள். பிரகாசி படிக்கட்டு வளைவைப் பார்த்தாள். சூசைக்கு ஒரு கையில்தான் பால் பாக்கெட். இன்னொரு கை சும்மாதான் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். வெளியே கொஞ்ச நேரம் முணுமுணுப்பு கேட்டது, செருப்புச் சத்தங்கள் ஒவ்வொன்றாக இறங்கிப் போயின, ஒரு செருப்புச் சத்தம் மட்டும் ஏறி வந்து கதவுக்கு முன்னால் நின்றது. மெல்ல இரண்டு தட்டு தட்டியது.

"பிரகாசி, நான்தான்."

"தெரியும்" என்றாள் பிரகாசி. திறக்கவில்லை.